போமன் பதில்கள்: ஈசியு செத்துருச்சா, செத்த மாதிரி படுத்திருக்கா?

காடி மெக்கானிக்கான இந்த போமனுக்கு இந்த மாசம் வந்ததுல முக்கால்வாசி பிக்கப் காடி பத்துன கேள்விதான், மழை ஆரம்பிச்சாலே இப்படித்தான் வரும். முதல் கேள்வி ஈசியு, அதாவது இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர் டப்பா பத்துனது, அதுக்கே பாதி பக்கம் போயிருச்சு, மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: போமன் அண்ணே வணக்கம். நான் சுங்கை சிப்புட்டுல லிந்தாங் ரோட்டுப் பக்கம் ஒரு செம்பனை தோட்டத்துல மண்டோரா இருக்கேன். என்கிட்ட 2006 மாடல் டபுள் கேப் பிக்கப், 2.5 டீசல், காமன் ரெயில், மேனுவல் கியர். காலையில தட்டுனா உடனே ஸ்டார்ட் ஆகும். தோட்டத்து மண் ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டுன பிறகு ஒரு குலுக்கல்ல படக்குன்னு செத்துரும். திரும்ப சாவி போட்டா ஸ்டார்ட்டர் சுத்தும், ஆனா இன்ஜின் பிடிக்காது. இருபது நிமிஷம் பானெட்ட தூக்கி வச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. செத்துக் கிடக்கிறப்ப சாவி ஆன் பண்ணா பேட்ரி லைட்டு, ஆயில் லைட்டு எல்லாம் எரியுது, செக் இன்ஜின் லைட்டு மட்டும் எரிய மாட்டேங்குது. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல ஸ்கேனர் போட்டாங்க, அந்த நேரம் பார்த்து காடி செத்துருச்சு, லிங்க் எரர்னு, ஈசியுவோட பேச முடியலன்னு காட்டுச்சு. ஈசியு ரோசாக், கெட்டுப் போச்சு, மாத்துனா 1,800 வெள்ளி, ஜப்பான் ஹாஃப் கட் சாமான், அதாவது அங்க ரெண்டா வெட்டி அனுப்புன பழைய காடியில இருந்து கழட்டுனதுன்னு சொல்றாங்க. தீபாவளி வருது அண்ணே, அவ்வளவு காசு கையில இல்ல. உண்மையிலேயே ஈசியுதானா? காடி பேரு போட வேணாம், தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.

பதில்: தம்பி, காசை எடுத்து பத்திரமா உள்ள வைங்க. ஈசியுவா இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா நீங்க எழுதுனதுல இருந்து அது ஈசியுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த டப்பாவுக்கு வாய் கிடையாது, அதனால யாருக்கும் காரணம் புரியலன்னா பழிய அது தலையில போட்டுட்டு போயிருவாங்க.

ஆனா நீங்க ஒரு வேலை ரொம்ப சரியா பண்ணியிருக்கீங்க, செக் இன்ஜின் லைட்டு எரியலன்னு கவனிச்சது. பாதிப் பேரு அதைப் பார்க்கவே மாட்டாங்க. சாவிய ஆன்ல வச்சதும் அந்த லைட்ட எரிய விடுறதே ஈசியுதான், நான் முழிச்சிட்டேன்னு அது சொல்ற சேதி அது. காடி செத்துக் கிடக்கிறப்ப அந்த லைட்டு எரிஞ்சு ஸ்கேனரும் பேசுனா ஈசியு முழிச்சிருக்குன்னு அர்த்தம், அப்ப தேட வேண்டியது வேற இடம், இன்ஜின் சுத்துறத பார்க்கிற கிராங்க் சென்சார், டீசல் பம்புல இருக்கிற கண்ட்ரோல் வால்வு, ஃபில்டர்ல தண்ணி, இப்படி. கிராங்க் சென்சாரும் சூட்டுல சாகும், ஆறுனா பொழைக்கும், உங்க கதை மாதிரியே இருக்கும், ஆனா அது செத்தா செக் இன்ஜின் லைட்டு அணையாது. உங்களுக்கு லைட்டும் இல்ல, ஸ்கேனரும் பேசல. அப்படின்னா ஈசியுவே தூங்குது. ஏன் தூங்குதுங்கிறதுதான் கேள்வி, அதுக்கு நாலு காரணம் இருக்கு, அந்த நாலுல ஒண்ணுதான் ஈசியு.

முதல்ல சோறு போகுதான்னு பாருங்க, அதாவது கரண்ட். பேட்ரி ராத்திரி முழுக்க சும்மா இருந்தா 12.6 வோல்ட் கிட்ட காட்டணும், இன்ஜின் ஓடும்போது 14 சொச்சம், ஸ்டார்ட்டர் சுத்தும்போது 10க்கு கீழ ரொம்ப இறங்கக் கூடாது. அங்கிருந்து ஃபியூஸ், கரண்ட திறந்து மூடுற மெயின் ரிலே, பிறகு ஈசியு. இந்த மெயின் ரிலே பயல் பெரிய நடிகன், உள்ள ஈயம் வச்சு ஒட்டுன இடம் விரிசல் விட்டிருக்கும், சூடானா விட்டுரும், ஆறுனா ஒட்டிக்கும். ஃபியூஸ் பெட்டியில அதே நம்பர் போட்ட ரிலே இன்னொண்ணு இருந்தா ரெண்டையும் மாத்திப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்க, காசே செலவில்ல.

இங்க ஒரு விஷயம், மீட்டர வச்சு 12 வோல்ட் வருதுன்னு பார்த்துட்டு ஓகேன்னு விட்டுராதீங்க. வயருக்குள்ள பத்து இழை இருந்து ஒம்பது அறுந்து ஒரே ஒரு இழை தொங்கிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏன்னா மீட்டர் கரண்ட் இழுக்காது. சிக்னல் லைட்டுக்குப் போடுற 21 வாட் பல்பு ஒண்ணு எடுத்து அதுல ஈயம் வச்சு ரெண்டு வயர் ஒட்டிக்கோங்க, அது ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஈசியுவோட பவர் வயர்ல ஒரு பக்கம், பேட்ரி நெகட்டிவ்ல ஒரு பக்கம். பளிச்சுன்னு எரிஞ்சா வயர் நல்லது, மின்மினிப் பூச்சி மாதிரி எரிஞ்சா வயரத் தேடுங்க. இதை பவர் வயருக்கு மட்டும் பண்ணுங்க, சென்சார் வயர்ல அந்த பல்ப வச்சீங்கன்னா அப்புறம் நிஜமாவே ஈசியு வாங்க வேண்டி வரும். இன்னொண்ணு, பிளக்கோட முன்பக்க ஓட்டையில மீட்டர் கம்பிய குத்தாதீங்க, பின்பக்கமா வயரோட ஒட்டுன மாதிரி மெல்லிசா ஒரு ஊசிய விட்டுப் பாருங்க. முன்னாடி குத்துனா உள்ள இருக்கிற பின் அகண்டு போயிரும், இல்லாத நோய நாமே கொடுத்த மாதிரி ஆயிரும்.

ரெண்டாவது எர்த், அதாவது கரண்ட் பேட்ரிக்குத் திரும்பிப் போற வழி. பழைய காடிக்கு பாதி வியாதி எர்த்துதான், அதுவும் தோட்டத்து காடி, சேறு, உரம், மழை, எல்லாம் போல்ட்டு மேல. இன்ஜின ஓட விட்டு ஹெட்லைட், ஏர்கோன் எல்லாம் போட்டுட்டு, மீட்டரோட ஒரு கம்பி பேட்ரி நெகட்டிவ் முனையில, இன்னொரு கம்பி ஈசியுவோட எர்த் வயர்ல. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அரை வோல்ட் காட்டுனா எர்த் போல்ட்ட கழட்டி மணல் தாள்ல தேய்ச்சுட்டு பிறகு பேசலாம்.

மூணாவது, இதைத்தான் ஒர்க்‌ஷாப்புல நிறைய பேர் பார்க்க மாட்டாங்க. ஈசியு சென்சாருங்களுக்கு 5 வோல்ட் கொடுக்குது. பேடல் சென்சார், டீசல் ரெயில்ல இருக்கிற பிரஷர் சென்சார், காத்து அழுத்தம் பார்க்கிற மேப் சென்சார், புகைய திருப்பி இன்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர்ல இருக்கிறது, நிறைய காடியில எல்லாம் அந்த ஒரே 5 வோல்ட்டத்தான் பங்கு போட்டுக்கும், லயத்துல ஒரே பைப்புல எல்லா வீட்டுக்கும் தண்ணி வந்த மாதிரி. ஒரு வீட்டுல பைப்பு உடைஞ்சா எல்லா வீட்டுலயும் தண்ணி நின்னுரும்ல, அதே கதை. ஏதோ ஒரு சென்சார் உள்ள ஷார்ட்டாகியோ, இல்ல அந்த 5 வோல்ட் வயரு எங்கயோ உரசி இரும்புல பட்டுட்டாலோ, 5 வோல்ட் தரைக்கு இறங்கிரும், பல காடியில அதோட ஈசியுவும் படுத்துரும், லைட்டு எரியாது, ஸ்கேனர் பேசாது. பார்க்கிறவன் ஈசியு செத்துருச்சும்பான். அது சாகல, கழுத்த நெரிச்சிருக்காங்க.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேணாம். காடி செத்துக் கிடக்கிறப்ப, அப்பதான், ஓடிட்டு இருக்கிறப்ப பண்ணி புண்ணியமில்ல, சாவிய ஆன்ல வச்சுட்டு பக்கத்துல ஒருத்தர டாஷ்போர்ட பார்க்கச் சொல்லிட்டு சென்சார் பிளக்க ஒண்ணு ஒண்ணா கழட்டுங்க. ஒண்ண கழட்டுனதும் செக் இன்ஜின் லைட்டு பொசுக்குன்னு எரிஞ்சா திருடன் அந்த வயர்ல இருக்கான். எல்லாத்தையும் கழட்டியும் எரியலன்னா வயர் கட்டுக்குள்ள ஷார்ட், இல்ல நாலாவது காரணம், ஈசியுவேதான்.

நாலாவதுக்கு வர்றதுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு. பல வருஷத்துக்கு முன்னாடி என் சொந்த பிக்கப் இப்படித்தான் நடுரோட்டுல நிக்கும். அப்ப நான் வேற ஒரு இடத்துல வேலை பார்த்துட்டு இருந்தேன், அங்க இருந்த பெரிய போமன் ஈசியுன்னாரு, நானும் நம்பி செகண்ட் ஹேண்ட் ஒண்ணு வாங்கி மாட்டுனேன். மூணு நாள் தங்கமா ஓடுச்சு, பெரியவர் காலரத் தூக்கி விட்டுக்கிட்டாரு. நாலாவது நாள் திரும்ப செத்துருச்சு. பழைய ஈசியுவ எடுத்து மாட்டுனேன், அதுவும் மூணு நாள் தங்கமா ஓடுச்சு! அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. ஈசியு மாத்துறதுனா பிளக்க கழட்டி மாட்டணும்ல, அந்த கழட்டி மாட்டுனதுல பின்னு மேல இருந்த பச்சைக் களிம்பு கொஞ்சம் உராய்ஞ்சு கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். கண்ணாடி ரப்பர்ல இருந்து மழைத் தண்ணி சொட்டு சொட்டா வயர் வழியா வந்து பிளக்குல இறங்கியிருக்கு. ரப்பருக்கும் பின்னுக்கும் செலவு பண்ணது ஒரு நாசி லெமாக் சாப்பிடுற காசு, ஈசியுவுக்கு கொடுத்தது போனதுதான், கடைக்காரர் திருப்பி எடுக்கல. அதனால உங்களுக்குச் சொல்றேன், ஈசியு மாத்துறதுக்கு முன்னாடி அதே ஈசியுவ ஒரு தடவ கழட்டி, பிளக்க நல்லா பார்த்து, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, திரும்ப அதையே மாட்டி ஓட்டிப் பாருங்க. புதுசு மாட்டி சரியானதுனால பழசு கெட்டதுன்னு ஆயிராது.

சரி, நாலாவது. மேல சொன்னது எல்லாம் சுத்தம்னா ஈசியுவ சந்தேகப்படலாம். டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ மாதிரி பிக்கப்புல கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும். இன்ஜின ஐடில்ல சும்மா ஓட விட்டுட்டு அந்த டப்பாவுக்கு மட்டும் வீட்டுல முடி காய வைக்கிற ஹேர் டிரையர்ல சூடு காட்டுங்க, பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன் வேணாம். சூடானதும் சாகுது, ஆற விட்டா முழிக்குது, ரெண்டு மூணு தடவ இதே மாதிரின்னா உள்ள ஈயம் விட்டிருக்கு. பிறகு டப்பாவ விரல் முட்டியால லேசா தட்டிப் பாருங்க, தட்டும்போது இன்ஜின் விக்குனா அதுவும் சாட்சி. மூடியத் திறந்தா மீன் மார்க்கெட் வாடை அடிச்சா கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கு, 90கள்ல வந்த ஜப்பான் காடி ஈசியுல இது சகஜம். ஸ்கேனர்ல பி0606னு கோட் நம்பர் வந்தாகூட, ஈசியு உள்ளுக்குள்ள கோளாறுன்னு அர்த்தம்னாலும், கரண்டும் எர்த்தும் சுத்தம்னு தெரிஞ்ச பிறகுதான் நான் அதை நம்புவேன்.

அப்புறம் அந்த ஜப்பான் ஹாஃப் கட் சமாச்சாரம். உங்க காடி எதுன்னு எனக்கு எழுதியிருக்கீங்க, இங்க போடல. ஆனா பொதுவா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஹைலக்ஸ் ஜப்பான்ல 2004ல நிறுத்திட்டு 2017லதான் திரும்ப விக்க ஆரம்பிச்சாங்க, நடுவுல வந்த வீகோ மாடலே அங்க விக்கல. அப்ப வீகோ ஈசியு ஜப்பான் ஹாஃப் கட்ல இருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா, எந்த காடியில இருந்து அண்ணேன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. டப்பா மேல ஒட்டியிருக்கிற பார்ட் நம்பர் முழுசா ஒண்ணா இருக்கணும், டொயோட்டானா பெரும்பாலும் 89661ன்னு ஆரம்பிக்கும், கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க, பார்க்க ஒரே மாதிரி இருக்கேன்னு வாங்கக் கூடாது. சாவியில சிப்பு இருக்கிற காடின்னா, திருட்டைத் தடுக்கிற இமோபிலைசர் பழைய ஈசியுவத்தான் தேடும், புதுசு போட்டா ஸ்டார்ட் ஆகாது, ஒண்ணு ஈசியு, இமோபிலைசர் டப்பா, சாவி மூணையும் ஒரே காடியில இருந்து வாங்கணும், இல்ல பழைய டப்பாவுல இருக்கிற டேட்டாவ எடுத்து புதுசுல ஏத்தத் தெரிஞ்சவர்கிட்ட கொடுக்கணும். டீசல பீச்சுற இன்ஜெக்டர் தலையில நம்பர் அடிச்சிருந்தா அந்த நம்பரையும் புது ஈசியுல எழுதணும், எழுதலன்னா ஐடில்ல டக டகன்னு முழி பிதுங்கும், புகை கக்கும், பிறகு இன்ஜெக்டர் ரோசாக்னு அடுத்த பில்லு வரும். உங்க ஈசியுவேதான் கெட்டிருந்தாலும் போர்டு ரிப்பேர் பண்றவங்க ஈப்போ பக்கம் இருக்காங்க, ஈயம் விட்டதுன்னா மாத்துறதவிட அதுதான் நல்லது, சாவித் தொல்லையும் இல்ல.

(அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தம்பி வாட்ஸ்அப்புல வீடியோ அனுப்பியிருக்காரு. காடி செத்தப்ப பிளக்க கழட்டிக்கிட்டே வந்திருக்காரு, ஈஜிஆர் சென்சார் பிளக்க கழட்டுனதும் லைட்டு எரிஞ்சிருச்சு. சென்சார் வாங்கவா அண்ணேன்னு கேட்டாரு. இருங்க தம்பி, பிளக்க திரும்ப மாட்டிப் பாருங்கன்னேன். மாட்டுன பிறகும் லைட்டு எரியுது! அப்ப கெட்டது சென்சார் இல்ல, பிளக்க இழுத்தப்ப வயர் நகர்ந்திருக்கு. டார்ச் அடிச்சு அந்த வயர் கட்ட பின்னாடி பார்த்துக்கிட்டே போனதுல, ஒரு இரும்பு பிராக்கெட்டோட விளிம்புல உரசி, உறை போயி, செம்பு தெரியுது. சூட்டுல உறை இளகி குலுங்குறப்ப இரும்புல பட்டிருக்கு. டேப்பு சுத்தி, மேல குழாய் போட்டு, கட்டி விட்டிருக்காரு. ஒரு வாரமா ஓடுது. 1,800 வெள்ளி தீபாவளிக்கு மிச்சம்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் வச்சிருந்த பழைய டீசல் பிக்கப், 1994 மாடல், இப்ப மகன் ஓட்டுறான். ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல. ஒரு இடத்துல ஈசியு மாத்தணும்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும் தம்பி?

பதில்: அம்மா, முதல்ல அந்த இடத்தை விட்டு காடிய எடுத்துட்டு வந்துருங்க. அந்த வயசு டீசல் பிக்கப்புல பெரும்பாலும் இன்ஜினுக்கு ஈசியுவே கிடையாது, இல்லாததை எப்படி மாத்துவாங்க. மகன பானெட்ட திறந்து பார்க்கச் சொல்லுங்க, ஆக்ஸிலேட்டர் பேடல்ல இருந்து ஒரு கேபிள் நேரா டீசல் பம்புக்குப் போகுதான்னு. போனா அது மெக்கானிக்கல் பம்பு, கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்ல. அந்தப் பம்பு மேல ஒத்த வயர் போட்ட சின்ன சோலனாய்டு ஒண்ணு இருக்கும், டீசல திறந்து விடுற கதவு அது. சாவி ஆன் பண்றப்ப பம்பு பக்கத்துல காது வச்சா "டிக்"னு கேக்கணும். கேக்கலன்னா அந்த வயருக்கு 12 வோல்ட் வருதான்னு பாருங்க, வந்தும் டிக் இல்லன்னா சோலனாய்டு போச்சு. டிக் கேட்டுச்சுன்னா டீசல் லைன்ல காத்து நுழைஞ்சிருக்கான்னு பாருங்க, ஃபில்டர் மேல இருக்கிற கைப்பம்ப அமுக்கி இறுகுற வரைக்கும் அடிக்கணும். காலையில மட்டும் பிடிக்கலன்னா, இன்ஜின சூடாக்குற ஹீட்டர் பிளக்க பாருங்க.

கேள்வி: போன்ல பார்க்கிற புளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், கோளாறு கோட் நம்பர் படிக்கவும் ஓடும்போது ரெயில் பிரஷர், வோல்ட்டேஜ் பார்க்கவும் போதும். இன்ஜெக்டர் நம்பர் எழுதுறது, சாவி சேர்க்கிறது எல்லாம் அதுல நடக்காது. காடியோட பேசலன்னா உடனே பயப்படாதீங்க, முதல்ல ஸ்கேனர் மாட்டுற அந்த 16 பின் பிளக்குல 16வது பின்னுக்கு பேட்ரி கரண்டும் 4, 5க்கு எர்த்தும் வருதான்னு பாருங்க, பாதி நேரம் சிகரெட் லைட்டர் ஃபியூஸ் போயிருக்கும், சில காடியில ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

கேள்வி: பிக்கப் பின்னாடி பழம் ஏத்த இரும்புக் கம்பி வெல்டிங் பண்ணணும். ஈசியு போயிரும்னு பயமுறுத்துறாங்க, நிஜமா?

பதில்: நிஜம். வெல்டிங் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும், காடியோட எர்த் வயரே அதுக்கு குறுக்கு வழியா தெரிஞ்சா ஈசியு வழியாகவும் போகும். பேட்ரி நெகட்டிவ கழட்டுங்க, ஈசியு பிளக்கையும் கழட்டிட்டா மனசுக்கு நிம்மதி. வெல்டிங் எர்த் கிளாம்ப பற்ற வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, பெயிண்ட சுரண்டிட்டு மாட்டச் சொல்லுங்க. முன் பம்பர்ல கிளாம்ப மாட்டிட்டு பின்னாடி வெல்டிங் அடிக்கிற ஆளா இருந்தா வேற கடை பாருங்க.

கேள்வி: அங்கிள், எங்க பிக்கப்புல எலி வயர கடிச்சிக்கிட்டே இருக்கு, மூணாவது தடவ. என்ன மருந்து வைக்கலாம்?

பதில்: மருந்து வச்சா எங்கயாவது டாஷ்போர்டுக்குள்ள செத்து நாறும், பிறகு அதுக்கு ஒரு கேள்வி எழுதுவீங்க. செம்பனை தோட்டத்துல எலி இல்லாம இருக்காது, அதுக்குத்தான் தோட்டத்துல கூண்டு நட்டு ஆந்தை வளர்க்கிறாங்க. உங்க காடியில முதல்ல பின் தட்டுல உதிர்ந்து கிடக்கிற பழத்த எல்லாம் தினமும் கூட்டித் தள்ளுங்க, எலிக்கு அதுதான் விருந்து. ராத்திரியில பானெட்ட திறந்து வைங்க, இருட்டும் கதகதப்பும் இல்லன்னா கூடு கட்டாது. கடிச்ச வயர முறுக்கி டேப்பு சுத்துறதோட விடாதீங்க, ஈயம் வச்சு, சுருங்குற குழாய் போட்டு மூடுங்க, இல்லன்னா மழைத் தண்ணி செம்பு வழியா உள்ள ஏறி ஆறு மாசம் கழிச்சு எங்கயோ ஒரு பிளக்குல பச்சையா பூக்கும்.